மங்கை கப்பு வேண்டாம் மேடம்

செருப்பை வாசல்லயே விட்டுட்டேன் மேடம். இல்ல, நாற்காலி வேண்டாம், இந்த ஸ்டூலே போதும். அந்தச் சன்னல் கதவை மட்டும் சாத்திக்கிறேனே. வெளிய பந்து தட்டிக்கிட்டிருக்காளே, அவ எம் மக ரூபிகா. நான் இங்க வந்திருக்கிறது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா பெறகு ஒரு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. அதான் கேட்டுல இருந்து சுவத்தோரமாவே பம்மிப் பம்மி வந்தேன். உங்க வாட்ச்மேன் என்னையத் திருடின்னு நெனச்சிருப்பாரு.

எம் பேரு ஒச்சம்மா. போடிதான் ஊரு. ஏலக்காய்க் கடையில காய் பொறுக்குற வேலை. நல்ல காய் ஒரு பக்கம், வெடிச்ச காய் ஒரு பக்கம். இந்தாங்க, உங்களுக்குன்னு ஒரு பொட்டலம் கொண்டாந்தேன். ஓனரம்மாகிட்டக் கேட்டுத்தான் எடுத்தேன், கேக்காம எடுக்குற பழக்கமெல்லாம் நமக்குக் கெடையாது. டீயில ஒண்ணு தட்டிப் போட்டாப் போதும், வாசம் தெருமுக்கு வரைக்கும் போகும். லஞ்சம்னு நெனச்சுராதீங்க. லஞ்சம் குடுக்குறவ எம் புள்ளைக்குக் குடுங்கன்னுல்ல கேப்பா. நான் கேக்க வந்தது நேர் தலகீழு.

மங்கை கப்பை எம் மகளுக்குக் குடுத்துராதீங்க மேடம்.

நெசமாத்தான் சொல்றேன். இந்த ஏழு காலேஜுப் புள்ளைகள்ல யாரு பாஸ்கெட் பால் ஆட்டத்துல கெட்டிக்காரின்னு பாத்துக் குடுக்குற கமிட்டிக்கு நீங்கதான் தலைவின்னு சொன்னாக. ஜெசிந்தா மேடம் பேச்சுக்கு மறுபேச்சு இல்லன்னு சொன்னாக. சாயங்காலம் பைனல் முடிஞ்சதும் மைக்குல பேரு சொல்லுவீங்களாம். அந்தப் பேரு ரூபிகான்னு மட்டும் இருந்துரக் கூடாது. வேற எந்தப் புள்ளைக்கு வேணும்னாலும் குடுங்க. அந்தப் புள்ளையப் பெத்தவளும் பாவந்தான். ஆனா அவ வயித்துல இருக்குற நெருப்பை நான் என்னத்தக் கண்டேன். எனக்கு என் வயிறுதான் எரியுது.

சிரிக்காதீங்க மேடம். இன்னைக்கு வந்த பஸ்ஸுலயே எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. போன வருசம் அந்தக் கப்பை வாங்குனது யாரு? எங்க நாத்தனா மக செல்வராணிதானே. வாங்குன புள்ள அதை ஒரு வருசம் வீட்டுல வச்சிருந்து, மறு வருசம் தானே கொண்டாந்து அடுத்தவ கையில குடுக்கணும்னு உங்க வழக்கம். அவளைத் திருப்பூர்ல இருந்து அவ புருசன் அனுப்பலை. அதனால அவ அப்பாதான் இன்னைக்குத் தூக்கிட்டு வந்தாரு, ஒரு சாக்குப் பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு. என்னையப் பாத்து, பக்கத்துல எடம் இருக்கு தாயி, வந்து உக்காருன்னாரு. நான் காதுல விழாத மாதிரி முன்னாடி போயி டிரைவருக்குப் பின் சீட்டுல உக்காந்துக்கிட்டேன். பஸ்ஸு பள்ளத்துல ஏறி எறங்குறப்பல்லாம் அந்தக் கப்பு மூடி கடகடன்னு ஆடுது. யாரோ என்னையக் கூப்புடுற மாதிரியே இருந்துச்சு. திரும்பியே பாக்கலை. தேவதானப்பட்டி காமாச்சியம்மனைக் கும்புட்டுக்கிட்டே வந்தேன்.

உங்களுக்குத் தெரியாத கதையில்ல. நீங்க அந்தக் கப்பு கூடவே இருக்குறவுக. ஆனாலும் ஊருல எப்பிடிப் பேசிக்கிறாகன்னு நான் சொல்லிடுறேன். மேகமலைப் பக்கம் எஸ்டேட் வச்சிருந்த மொதலாளிக்கு ஒத்தப் பொண்ணு, மங்கையர்க்கரசின்னு பேரு. இதே காலேஜுல படிச்சு, இதே கிரவுண்டுல ஆடுன புள்ள. மஞ்சக்காமாலை வந்து போய்ச் சேந்துருச்சு. கல்யாணம் காச்சி எதையும் பாக்காம, கன்னியாவே போயிருச்சு.

எங்க பக்கம் கன்னியாச் செத்த புள்ளைய அப்பிடியே விட்டுர மாட்டோம் மேடம். ஓலைப்பெட்டியில புதுத்துணி, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வச்சு வீட்டுக்குள்ள உத்தரத்துல கட்டித் தொங்க விடுவோம். வருசத்துக்கு ஒருக்கா எறக்கி, துணிய மாத்தி, பொங்க வச்சு, ஆத்தா நீ இருந்த எடத்துலயே இரு, எங்க புள்ளைகளைக் காப்பாத்துன்னு கும்புடுவோம். அவளும் கேட்டுக்குவா. அந்த மொதலாளி படிச்சவரு. பெட்டி கட்டலை. அவ பேருல வெள்ளியில கப்பு செஞ்சாரு. மூடி மேல ஒரு பொம்பளப் புள்ள பந்தைத் தூக்கிக்கிட்டு நிக்குற மாதிரி உருவம் வேற செஞ்சு வச்சாரு. வச்சு, வருசம் ஒரு வீடுன்னு ஊர் சுத்த விட்டுட்டாரு. வீட்டுல வச்சுக் கும்புட வேண்டியதை வீதியில விட்டா என்னாகும்? போற வீட்டுலயெல்லாம் புள்ளையக் கேக்கும்.

கேட்டுச்சே. கூடலூரு ஈஸ்வரிய உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. பனைமரமாட்டம் ஒசரம், எட்டிப் பந்தை வளையத்துக்குள்ள வச்சுட்டு வருவாளாம். கப்பு வீட்டுக்குள்ள வந்து ரொம்ப நாளு ஆகலை, காய்ச்சல்ல படுத்துட்டா. அவ அம்மாக்காரி கோடாங்கிகிட்ட ஓடிப்போயிக் குறி கேட்டா. அவன் உடுக்கைய அடிச்சுட்டு ஒரே வார்த்தை சொன்னானாம். மங்கை துணைக்கு ஆள் கேக்குறா, கன்னியா இருந்தாத்தான் கூட்டிட்டுப் போவா, கழுத்துல தாலி ஏறிட்டா தொடமாட்டான்னு. அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சுட்டாக. காய்ச்சலும் நின்னுருச்சு.

மழைக்காலக் காய்ச்சலா? இருக்கட்டும் மேடம். நீங்க சொன்னா அப்பிடியே இருக்கட்டும். ஆனா நின்னுச்சுல்ல.

அன்னையில இருந்து அந்தக் கப்பு எந்த வீட்டுப் படி ஏறுனாலும் அந்த வீட்டுல செய்யிற மொத வேலை மாப்பிள்ளை பாக்குறதுதான். ரோஸ்மேரின்னு ஒரு புள்ள, அவுக வேதக்காரவுக, கன்னிசாமியையெல்லாம் நம்பவே மாட்டாக. அவ அப்பாவும் கப்பு வந்த சூட்டோட சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்க வச்சுட்டாரு. நம்பாதவுக வீட்டுலயே இப்பிடின்னா நாங்கள்லாம் எந்த மூலைக்கு. நடுவுல இன்னும் எத்தனையோ புள்ளைக. ஒருத்தியாவது மறுவருசம் வந்து தன் கையால அந்தக் கப்பை அடுத்தவளுக்குக் குடுத்திருக்காளா? அப்பன் வருவாரு. அண்ணன் வருவான். ஒருத்திக்கு மாமனாரு வந்தாராம். புள்ள வரலை. ஒருத்தியாவது பெறகு பந்தைத் தொட்டாளா? தொடலை. தாலி கட்டி உசுரைக் காப்பாத்திட்டாலும் ஆட்டத்தை மங்கை புடுங்கிக்கிறா மேடம். அவளால ஆட முடியாமப் போச்சுல்ல, அந்த ஆங்காரம்.

யாரு புடுங்குனதா? மங்கைதான். வேற யாரு. என்ன மேடம், இம்புட்டு நேரமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்.

கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லுவேன். இந்தச் சுவத்துல மாட்டியிருக்கே போட்டோ, அது நீங்கதானே? மொத மொத அந்தக் கப்பை வாங்குனது நீங்கதானாமே. ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு, எம்புட்டு லெச்சணமா இருக்கீங்க. நீங்க ஒருத்திதான் திரும்பி வந்து உங்க கையால குடுத்தவுக. நாலு ஊரு போயி ஆடுனவுக. ஸ்டேட்டுக்கு ஆடுனவுக. எல்லாம் சரி. ஆனா உங்களைத்தான் மேடம் அவ ரொம்பப் பெரிசா அடிச்சுட்டா. உங்க கழுத்துல தாலி ஏற விடவே இல்லையே. இம்புட்டுப் படிச்சு, இம்புட்டுப் பேரு வாங்கி, ஒத்தையில ஒரு ரூமும் ஒரு விசிலுமா. உங்களைப் பாக்குறப்ப எனக்குப் பகீர்ங்குது. எம் மக கதியும் இதுவா ஆயிருமோன்னு.

நீங்க சந்தோசமா இருக்கேன்னு சொல்லுவீங்க. சொல்லித்தானே ஆகணும். நான் ஒண்ணும் சொல்லலை.

செல்வராணி கதைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குறது. எங்க கண்ணு முன்னாடி வளந்த புள்ள. கப்பைக் கொண்டாந்து டிவி பொட்டிக்குப் பக்கத்துல வச்சாக. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. நானும் போனேன். அந்த மூடி மேல நிக்குற உருவம் என்னையவே பாத்துச்சு. எங்க நாத்தனாகிட்டச் சொன்னேன், மதினி, இனிமே தாமசிக்காதீங்கன்னு. மாப்பிள்ளைய நானே கொண்டாந்து விட்டேன். எங்க சித்தி வகையில ஒரு பையன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. தங்கமான பையன், பீடி சிகரெட் கெடையாது. ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டான், கல்யாணத்துக்கப்புறம் டவுசரு பனியன் போட்டுக்கிட்டு ஆம்பளைக முன்னாடி ஓடக்கூடாதுன்னு. அதுல என்ன தப்பு இருக்குன்னு நான்தான் எல்லாரையும் சரிக்கட்டினேன். அவ கப்புக்கு முன்னாடி உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தா. பாத்தீங்களா மதினி, மங்கை எப்பிடிப் புடிச்சு வச்சிருக்கான்னு காமிச்சேன்.

போன மாசம் ஒரு விசேசத்துக்குத் திருப்பூரு போனவ அவளையும் எட்டிப் பாத்துட்டு வந்தேன். ரெண்டு ரூம்பு வீடு, மாடியில. கீழ சந்துல பயலுக பந்து வெளையாடுறானுக. பந்து சத்தம் கேட்டதும் அவ போயிக் கதவைச் சாத்துனா. சன்னலையும் சாத்துனா. புழுக்கமா இருக்கே ஆத்தா, ஏன் சாத்துறன்னேன். ஒண்ணுமில்ல அத்தை, சத்தம் தாங்க முடியலைன்னா. கையைப் பாத்தேன், சும்மா உக்காந்திருக்கையிலயே வெரலு அஞ்சும் விரிஞ்சு விரிஞ்சு மூடுது. இன்னமும் அவளை விடலை மேடம். தாலி கட்டியும் விடலை.

இப்ப எம் மகளைப் பாருங்க. இல்ல, பாக்காதீங்க, சன்னலைத் தொறக்காதீங்க, சத்தத்தை மட்டும் கேளுங்க. அந்தத் தட்டு இருக்குல்ல, டப்பு டப்பு டப்புன்னு ஒரே சீரா, அது அவ சின்னப் புள்ளையில இருந்து கேக்குற சத்தம். எங்க தெருவுல தண்ணி டேங்கு ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ அவ அப்பா ஜீப்பு டயரு வளையத்தை வச்சுக் கட்டிக் குடுத்தாரு. அவரு ஜீப்பு டிரைவரு, மலைக்கு ஆள் ஏத்திட்டுப் போவாரு. பந்து தண்ணிக் கொடத்து மேல விழுந்து தெருவே சண்டைக்கு வரும். நான் அம்புட்டுப் பேருகிட்டயும் வாய்ச்சண்டை போட்டிருக்கேன், எம் புள்ளைய எவடி சொல்றதுன்னு. ஏன்னா அவ எறிஞ்சா போகும் மேடம். எங்க நின்னு எறிஞ்சாலும் போகும். நடுவுல ஒருக்கா எங்க ஓனரம்மா மகன் பந்தயம் கட்டித் தோத்தான். இந்தச் சுத்துவட்டாரத்துல அவளுக்கு ஈடா ஒருத்தியச் சொல்லுங்க பாப்போம். உங்க காலேஜுல அந்த நெட்டைப் புள்ள இருக்காளே, அவ ஓடுறது ஒரு ஓட்டமா. கழுதை நொண்டுற மாதிரி.

நான் என்ன சொல்ல வந்தேன். ஆமா, குடுத்துராதீங்க.

நேத்து செமி பைனல்ல என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாத்திருப்பீங்க. பக்கத்து வீட்டுப் புள்ள செல்லுல போட்டுக் காமிச்சா. கடைசியில ரெண்டு எறி சும்மா குடுத்தாக, ஒருத்தரும் மறிக்காம கோட்டுல நின்னு எறியணும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவா. ரெண்டும் வளையத்துல கூடப் படலை. பந்தைத் தூக்கிட்டு அவ ஒரு நிமிசம் நின்ன நிலை இருக்கே, அது எம் மக நிக்குற நிலை இல்ல. கையை யாரோ புடிச்சிருக்கா மேடம். மங்கை இப்பவே வந்துட்டா. கப்பு இன்னும் வீட்டுக்கே வரலை, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா. அதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை. காலைல மொத பஸ்ஸப் புடிச்சு ஓடியாறேன்.

நான் சும்மா வரலை. கோடாங்கிகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். மங்கைக்குச் செய்ய வேண்டிய மொறையை யாரும் செய்யலை, அதைச் செஞ்சா கொஞ்சம் எறங்குவான்னான். இந்தப் பையைப் பாருங்க. வளையல், சீப்பு, கண்ணாடி, மை டப்பா. இது பட்டுப் பாவாடை, தாவணி. எல்லாம் புதுசு. இன்னைக்கு அந்தக் கப்பு மேடையில ஏறுறதுக்கு முன்னாடி இதை அது முன்னாடி வச்சு ஒரு சூடம் காட்டிருங்க. நீங்க வேதக்காரவுக, சூடம் காட்ட மாட்டீங்கன்னா ஒரு மெழுகுவத்தியாவது ஏத்துங்க. பாவாடைய டைலருகிட்டக் குடுத்தப்ப அவன் அளவு கேட்டான். செத்துப்போன புள்ளைக்கு அளவுக்கு நான் எங்க போவேன். அதுவும் பந்து வெளையாடுன புள்ளைதானே, ஒசரமாத்தான் இருந்திருக்கும்னு ரூபிகா பாவாடை ஒண்ணை எடுத்துட்டுப் போயி அதே அளவுக்குத் தைக்கச் சொல்லிட்டேன்.

வாங்கிக்கங்க மேடம். பாரத்தை எறக்குன மாதிரி இருக்கும் எனக்கு.

ரூபிகாகிட்டச் சொல்லாம இல்ல. போன வாரமே சொல்லிட்டேன். நீ ஆடு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அந்தக் கப்பு நம்ம வீட்டுப் படி ஏறுச்சுன்னா அன்னைக்கே எங்கண்ணன் மகனுக்குப் பரிசம் போட்ருவேன்னு. சின்னமனூர்ல செல்போன் கடை வச்சிருக்கான், மொறைமாப்பிள்ளை. பந்து, டவுசரு, கேம்பு எல்லாத்துக்கும் அன்னைக்கோட முழுக்குன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். அந்தக் கப்பு வாங்குற புள்ளையத்தான் ஸ்டேட் கேம்புக்குக் கூப்புடுவாகளாமே, அதுல இருந்தா ரயில்வேல வேலைகூட கெடைக்குமாமே. எதுவும் வேண்டாம். உசுரு இருந்தாப் போதும். அவ சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருந்தா. பெறகு, நெசமாவாம்மான்னா. நெசமாத்தான்னேன். நான் சொன்னா செய்யிறவன்னு அவளுக்குத் தெரியும்.

அதான், அந்த நெலைமைக்குக் கொண்டு போயிராதீங்கன்னு கேக்க வந்தேன். நீங்க கப்பைக் குடுக்கலைன்னா நான் பரிசம் போட வேண்டியதில்ல. அவபாட்டுக்கு ஆடிக்கிட்டுக் கெடப்பா. எனக்கு மட்டும் அவளை நிறுத்தணும்னு ஆசையா.

என்ன மேடம்? இதே ஸ்டூல்லயா? யாரு, ரூபிகாவா? காலைலயே வந்தாளா? எனக்கு முன்னாடியேவா?

கப்பு எனக்கு வேண்டாம்னு அவளே வந்து சொன்னாளா.

அப்பாடா. இப்பத்தான் மேடம் எனக்கு மூச்சே வருது. பாத்தீங்களா, எனக்குப் பொறந்தவ. வெளிய வீராப்பா இருந்தாலும் உள்ளுக்குள்ள பயம் இருக்கு. இருக்கணும். நான் சும்மா ஒரு பாடு பொலம்பிட்டேன். ஒரு வாய் தண்ணி குடுங்க. அவளுக்கும் மங்கை கனவுல கினவுல வந்திருப்பா, என்கிட்டச் சொன்னா நான் பயப்படுவேன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கா. வேற என்ன சொன்னா? முழுசாச் சொல்லுங்க.

என்ன இல்லைங்கிறீங்க.

நேத்து அந்த ரெண்டு எறியா? வேணும்னேவா? யாராவது வேணும்னே வெளிய எறிவாகளா மேடம். நீங்க ஆடுனவுக, நீங்களே சொல்லுங்க. தூக்கத்துல கூட கையத் தூக்கி எறியிற புள்ள அவ. பாயில படுத்திருக்கிறப்ப என் மூஞ்சியிலயே அடிச்சிருக்கா. அவ போயி.

அவ வாயாலயே சொன்னாளா.

இன்னைக்கும் அப்பிடித்தான் விடப் போறேன்னாளா? டீமு தோத்தாலுமா? கூட ஆடுற புள்ளைக காறித் துப்புமே மேடம் அவளை.

கேம்பு போனாப் போகுதுன்னா. சரி. பெறகு? பந்தாவது கையில இருக்கட்டும்னா. அதைச் சொல்லிட்டு அழுதாளா. இந்த ஸ்டூல்ல உக்காந்தா? எம் மக அழுது நான் பாத்து வருசம் ஆச்சு. கால் பெசகி வீங்கி இட்லி மாதிரி ஆனப்பக்கூட அழலை. நீ போயி வேலையப் பாரும்மான்னா.

மங்கைக்குப் பயந்துதானே? அதைத்தான் கேக்குறேன். வாயத் தொறந்து ஆமான்னு சொல்லுங்க மேடம். கப்புக்குப் பயந்துதானே அப்பிடிப் பண்ணுனா.

ஏன் மேடம் அந்தப் பைகிட்டப் போறீங்க.

அதை ஏன் இப்ப எடுக்குறீங்க. பாவாடைய விரிக்காதீங்க மேடம், மடிப்பு கலைஞ்சுரும். பீரோவுல மாட்டாதீங்க. அது சாமிக்கு எடுத்தது, கன்னிக்கு எடுத்தது.

அவ அளவுதான். ஆமா. நான்தான் குடுத்தேன். இடுப்பு, ஒசரம் எல்லாம் அவளோடதுதான். கீழ மடிச்சுத் தைக்கச் சொன்னது கூட அவளுக்குத் தைக்கிற மாதிரிதான். மாட்டுனதும் அவளே அங்க நிக்குற மாதிரி இருக்கு. காலு மட்டும் இல்ல. எறக்கிருங்க மேடம். உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன், அதை எறக்கிருங்க. உசுரோட இருக்குற புள்ளைக்கு நான் போயி என்னத்த அளவெடுத்துட்டு வந்திருக்கேன்.

குடுங்க. நானே மடிச்சுக்கிறேன். பஸ்ஸுல வந்த பயம் வேற மேடம். அது முதுகுக்குப் பின்னாடி சாக்குப் பைக்குள்ள கெடந்துச்சு, நான் முன் சீட்டுக்கு ஓடி வந்துட்டேன். இப்ப எந்தச் சீட்டுக்கு ஓட. செல்வராணி கதவைச் சாத்துனது பந்து சத்தத்துக்கா, இல்ல நான் வந்திருக்கேன்னா. அந்த மாப்பிள்ளையக் கொண்டாந்தது யாரு. வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

மங்கைக்குப் பயம் எனக்குப் போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. அது அப்பிடியேதான் இருக்கு. நாளைக்கு ரூபிகாவுக்கு ஒரு தலைவலி வந்தாலும் நான் கோடாங்கிகிட்ட ஓடத்தான் செய்வேன். இது அதுக்கு மேல இன்னொரு பயம்.

இருங்க. பந்து சத்தம் நின்னு போச்சே.

தண்ணி குடிக்க வந்திருப்பா. கொழா எங்க இருக்கு, உங்க வாசல்லதானே? அய்யோ மேடம், என் செருப்பு. அதுல ஒரு வாரு அந்து போச்சு, அவதான் தன் பழைய ஷூ கயித்தை வச்சுக் கட்டிக் குடுத்தா, பச்சைக் கலரு. அவ முடிச்சு அவளுக்குத் தெரியாதா. பாத்திருப்பா. பாத்துட்டுத்தான் நிக்குறா. சத்தமே இல்லையே. மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குறா மேடம் அங்க. பாவாடைக்குப் பயந்து நான் இங்க நின்னேனே, அதே மாதிரி.

நான் போயிச் சொல்லவா? சத்தியம் பண்ணுனது சும்மா, அண்ணன் மகன் பேச்சையே எடுக்க மாட்டேன், நீ நல்லா எறிடின்னு சொன்னா நம்புவாளா? நம்ப மாட்டா. சூடத்தை அணைச்சவ நான். நானா இருந்தா நானும் நம்ப மாட்டேன். என்னையப் பாத்தா அந்தப் பந்து இன்னைக்கு வளையத்துப் பக்கமே போகாது.

இந்த ரூமுக்குப் பின்னாடி வேற வாசல் இருக்கா? இல்லையா. சரி, நான் இந்தப் பீரோ மறைவுல நின்னுக்கிறேன். பைனல் முடியிற வரைக்கும் வெளிய வரமாட்டேன், மூச்சுக் காட்டமாட்டேன். கப்பு யாருக்குன்னு நீங்க பாத்துச் செய்யுங்க, நான் வாய் தொறக்கலை. நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய போங்க மேடம். போயி அந்தச் செருப்பை எடுத்து உள்ள போட்டுருங்க.

அம்மா போயிருச்சுன்னு சொல்லுங்க.